துரு நிறத் தண்ணீர்

செஞ்சியில் சிங்கவரம் போகிற ரோட்டு முனையில் எனக்கு ஒரு டீக்கடை. தண்ணீர் எங்கள் வீட்டு போர்வெல்லில் வருவது. கொஞ்சம் உப்புக் கரிக்கும். வாசலில் பானையில் ஊற்றி வைப்பேன். டீ குடிக்காதவர்கள்கூட நின்று குடித்துவிட்டுப் போவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

போன வெயில் காலத்தில் ஒருவன் வந்தான். தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் விற்கிறவன். காலைக் கூட்டம். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டான். ஒன்றில் அவன் பாட்டில் தண்ணீர், இன்னொன்றில் என் பானைத் தண்ணீர். கம்பிக் கால் வைத்த ஒரு டப்பாவை இரண்டு டம்ளரிலும் கம்பி முங்குகிற மாதிரி வைத்து ப்ளக்கில் சொருகினான்.

அவன் தண்ணீர் அப்படியே இருந்தது. என் தண்ணீர் மஞ்சளானது. அப்புறம் பழுப்பு. அப்புறம் துரு நிறத்தில் திப்பி திப்பியாக மிதந்தது.

"பாத்துக்குங்க. இதத்தான் டெய்லி குடிக்கிறீங்க."

தினமும் வருகிற கட்டட மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, பானையில சாம்பார ஊத்தி வெச்சிக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வாயில் இருந்ததை என் கடை வாசலிலேயே துப்பினார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணெதிரே கலங்கி நிற்கிறது. ஊற்றின கை என்னுடையது.

மெஷின் வாங்கவில்லை. பானையைக் கவிழ்த்துவிட்டுக் கேன் தண்ணீர் வைத்தேன். டீ மட்டும் போர் தண்ணீரில்தான் போட்டேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேஸ்திரி ஊதி ஊதிக் குடித்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். அவளிடமும் மறைத்தேன். யாரோ சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாள்.

"அது இன்னா கம்பிம்மா?"

"இரும்பு மாரிதான் இருந்துது."

"தண்ணியில கரண்ட் பாஞ்சா இரும்பு கரையும். அந்தக் கலரு கம்பியோடது. தண்ணியோடது இல்ல."

"அவன் தண்ணி மாறலியே?"

"அதுல உப்பே இல்ல. கரண்ட் ஓடாது. அப்பறம் எங்க கரையறது?"

செத்த பேட்டரிக் கட்டை இரண்டை உடைத்து உள்ளே இருந்த கரிக்குச்சிகளை எடுத்துக் கழுவினாள். ஒயர் சுற்றி, பழைய பைக் பேட்டரியில் மாட்டி, போர் தண்ணீரில் விட்டாள். குமிழி வந்தது. நிறம் வரவில்லை. ஒரு குச்சியில் வெள்ளையாக லேசாகப் படிந்தது. உப்புத் தண்ணீர்தானே.

"கரி கரண்ட்ட உள்ள வுடும், வெளிய வாங்கும். அது மட்டும் கரையாது. சும்மா நிக்கும்."

உடனே கடைக்கு எடுத்துப் போகவில்லை. சரியாக வராவிட்டால் இன்னொரு தடவை சிரிப்பார்கள். அப்புறம் கடையைச் சாத்த வேண்டியதுதான். யோசித்து யோசித்து ஒரு நாள் எடுத்துப் போனேன்.

"இன்னாக்கா, மேஜிக்கா?" என்றார் மேஸ்திரி.

"கம்முனு பாரு மேஸ்திரி."

போர் தண்ணீரில் கரிக்குச்சி. குமிழி வந்தது.

"கொதிக்குதுடா. டீத்தூள் போடு!" என்று பின்னால் ஒருவர் கத்தினார்.

கரியை எடுத்துவிட்டு, அதே ஒயரில் இரண்டு ஆணி கட்டி விட்டேன். கொஞ்ச நேரத்தில் துரு நிறம். அப்புறம் கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, அதிலும் ஆணியை விட்டேன். அதுவும் கலங்கியது. சிரிப்பு நின்றது.

"அப்ப கேன்லயும் சாம்பாரா?"

"ஆணியிலதான் சாம்பார்."

மேஸ்திரி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அடப்பாவி. அன்னிக்கே சொல்றதுதானக்கா?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது மேஸ்திரி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு முதலில் நம்பினது அவர்கள் இல்லை, நான்தான். பிள்ளைக்குக் கொடுத்து வளர்த்த தண்ணீர். ஒருத்தன் கம்பியை விட்டதும் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை.

பானையை நிமிர்த்திக் கழுவி போர் தண்ணீர் ஊற்றினேன். மேஸ்திரி முதல் ஆளாக மொண்டார். நான் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்கும்வரை திரும்பவில்லை.

இப்போதும் யார் மொண்டாலும் அப்படித்தான். தெரியும், அது கம்பியின் நிறம். ஆனாலும் டம்ளரைப் பார்ப்பதில்லை.