நம்ம ஊர்க்காரர் மாட்டிய ஏசி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவைத்த மகராசன் நிச்சயம் அல் குசைஸில் வாடகைக்குக் குடியிருந்திருக்க வேண்டும். துபாய் வேண்டாமென்று ஊருக்கே கிளம்பிவிட்ட ஒரு குடும்பத்திடம் நானூறு திர்ஹாமுக்கு ஸ்பிளிட் ஏசி ஒன்றை வாங்கினோம். அதைச் சுவரில் மாட்டக் கம்பெனிக்காரன் எழுநூறு கேட்டான். செம்புக் குழாய் தனி, வெளியே தாங்குகிற ஸ்டாண்டு தனி, சுவரில் ஓட்டை போடத் தனி, கேஸ் தனி. ஏணியில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனியாகக் கேட்காதது அவனுடைய பெருந்தன்மை.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். வெளியே ஜூலை வெயில். எங்களுடையது ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும் உள்ள பழைய வீடு. பில்டிங் ஓனர் கொடுத்திருந்த ஒரே ஏசி ஹாலில் இருந்த ஜன்னல் ஏசி. மாவு மில் போலச் சத்தம் போடும்; காற்று வருவது அதன் மனநிலையைப் பொறுத்தது. பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் நானும் என் கணவரும் அதன் கீழே வரிசையாகப் படுத்துக் கிடந்தோம். பச்சைப்பிள்ளை வீட்டுக்கு வருவதற்குள் உள்ளறையில் ஏசி ஓட வேண்டும். நான் என்ன தங்க வளையலா கேட்டேன்? என் பிள்ளை வெந்து போகாமல் தூங்க ஓர் அறை கேட்டேன்.

"எதுக்கு எழுநூறு? நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காரு" என்றார் கணவர். இந்த 'நம்ம ஊர்க்காரர்' என்ற சொல் காதில் விழுந்த மறுநிமிடமே நான் எழுநூறை எண்ணிக் கம்பெனிக்காரன் கையில் கொடுத்திருக்க வேண்டும். புத்தி எங்கே போயிற்றோ!

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வந்தார். ஜெபல் அலி பக்கம் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, ஏசி கம்பெனியில் டெக்னீசியன் வேலை பார்ப்பவர். நாற்பதை நெருங்கும் வயது. கருவிப் பையைத் திறப்பதற்கு முன் முறை பார்க்கும் வேலை தொடங்கியது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டில் பெண் எடுத்தார்கள் என்று இருவரும் தோண்டித் துருவி, கடைசியில் அவருடைய அப்பா என் கணவருக்குச் சித்தப்பா முறை என்று கண்டுபிடித்தார்கள். பெட்ரோல் கண்டுபிடித்த அரபிகூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

"தம்பி, கூலி எவ்வளவுன்னு சொல்லிடுங்க" என்றார் கணவர்.

"என்னண்ணே, உங்ககிட்ட போயி காசு வாங்குவனா? அண்ணி கையால ஒரு வாய் சோறு போடுங்க, போதும்."

ஒரு வாய் சோறு! முதல் ஞாயிறு மட்டன் பிரியாணி. சுவரில் ஓட்டை விழுந்தது. இரண்டாம் ஞாயிறு வஞ்சிரம் மீன் குழம்பு, ஸ்டாண்டு ஏறியது. மூன்றாம் ஞாயிறு கோழி; குழாய் போட்டாயிற்று. சும்மா செய்கிற மனிதரைச் சும்மா அனுப்பலாமா? ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில் அவர் மகளுக்குச் சாக்லேட்டும் பால் பவுடரும் ஸ்கூல் பையும் கொடுத்தனுப்பினோம். இலவசமாக மாட்டிய ஏசிக்குக் கம்பெனிக்காரன் கேட்டதைவிட அதிகம் செலவழித்திருந்தோம். வேலை சுத்தம் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போது மகளைப் பற்றிப் பேசுவார். பள்ளிக்கூட நாடகத்தில் அவள் மரமாக நடித்ததை வீடியோவில் காட்டி, அம்மாவைச் சிரிக்க வைப்பார்.

"கேஸ் மட்டும்தான் பாக்கி அண்ணி. கழட்டுனப்பவே கேஸ் போயிருச்சு. ஒரு தடவ நெரப்பிட்டா ஐஸ் மாதிரி அடிக்கும்" என்றார்.

நாலாம் ஞாயிறு வந்தார். சிலிண்டர் கம்பெனி வண்டியில் போய்விட்டதாம். சாப்பிட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் ஞாயிறு ஸ்டோரில் ஆள் இல்லையாம். சாப்பிட்டுவிட்டுப் போனார். உள்ளறைச் சுவரில் ஏசி புது மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது.

"ஒரு வார்த்த கேளுங்களேன், நான் வாயும் வயிறுமா நிக்கிறேன்" என்றேன் கணவரிடம்.

"சும்மா செய்யிற மனுசன எப்புடிடி அவசரப்படுத்துறது?"

"அப்ப காசு குடுங்க."

"வேணாம்னு சொன்னவருகிட்ட காச நீட்டுனா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா?"

அப்படி ஒரு மரியாதை! அவர் இவருக்கு மரியாதை செய்தார், இவர் அவருக்கு மரியாதை செய்தார், நடுவில் நான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. சொன்ன தேதிக்கு முன்பே பிறந்துவிட்டாள். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். சாயங்காலம் ஹாலில் இருந்த ஜன்னல் ஏசி இரண்டு முறை இருமி, நின்றுவிட்டது. ஓனருக்கு போன் செய்தால் நாளைக்கு, இன்ஷா அல்லா என்றார். பக்கத்து வீட்டார் லீவுக்கு ஊர் போயிருந்தார்கள். கதவைத் திறந்தால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. பிள்ளை கழுத்தெல்லாம் சிவந்து, பாலை வாயில் வாங்காமல் வீறிட்டு அழுதது. அம்மா அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினாள். கணவர் கையைப் பிசைந்துகொண்டு, "ஓட்டல்ல ரூம் போடலாமா?" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து நானே ஊர்க்காரரிடம் பேசினேன்.

"தம்பி, கேஸுக்கு எவ்வளவு ஆகும்?"

"அண்ணன் இல்லையா அண்ணி?" என்றார்.

"உங்களத்தான் கேக்குறேன். புள்ள வீட்டுக்கு வந்துருச்சு, ஹால் ஏசியும் போச்சு. எவ்வளவுன்னு சொல்லுங்க."

"நூத்தம்பது ஆகும் அண்ணி. கம்பெனி சிலிண்டர ஸ்டோர்ல எட போட்டுத்தான் குடுக்குறான், அதுலேருந்து எடுக்க முடியல. வெளியதான் வாங்கணும். சம்பளம் வந்ததும் வாங்கிட்டு வரலாம்னு…"

"அத ஏன் எங்ககிட்ட கேக்கல?"

"காசு வேணாம்னு சொன்ன வாயால எப்புடி அண்ணி கேக்குறது?"

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நூற்றைம்பது திர்ஹாம்! இரண்டு ஆண்பிள்ளைகளின் வாயில் அது ஒரு மாதமாக மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"உடனே வாங்க தம்பி. டாக்ஸியில வாங்க. நான் தரேன்" என்றேன்.

டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல், கைமாற்றாகக் காசு வாங்கிப் பிடித்த சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தார். கேஸ் ஏற்றிவிட்டு ரிமோட்டை அழுத்தினார். முதலில் வெறும் காற்று, அப்புறம் குளிர்ந்த காற்று. அறை குளிரக் குளிரப் பிள்ளை அழுகை அடங்கி, பாலைக் குடித்து, அப்படியே என் கையில் தூங்கிப்போனாள். நான் ஓவென்று அழுதேன். அம்மா நெட்டி முறித்தாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டபோது முந்நூறு திர்ஹாமை நீட்டினேன். கணவர் சுவரைப் பார்த்தார். ஊர்க்காரர் வாங்கிக்கொண்டார். கேஸ் பில்லையும் டாக்ஸி பில்லையும் எடுத்துக் கணக்குப் பார்த்து, மீதி முப்பதை மேசையில் வைத்தார். டீ வேண்டாம் என்றார். "பாப்பாவுக்கு நேரா காத்து படாமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒறவ அறுத்துட்டியேடி" என்றார் கணவர்.

"ஒறவ வச்சு புள்ளைக்கு விசிறுவீங்களா?" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என் பிள்ளை மூச்சுத் திணறும்போது எனக்கு எவருடைய கௌரவமும் பெரிதில்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று கூப்பிட்டோம், டியூட்டி என்றார். ஒரு குழம்பு மிச்சமாகிறது என்று நான் கிண்டல் செய்து பார்த்தேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, நான் உட்பட.

அக்டோபரில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கம்பெனிக்காரனைக் கூப்பிடலாம் என்றேன். கணவர் கேட்கவில்லை, இந்தச் சாக்கில் அவர் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று ஆசை. எனக்கும்தான். காலையிலேயே ஆட்டுக்கறி வாங்கி வைத்துவிட்டு, கணவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"தம்பி, நாந்தான். ஏசியில தண்ணி சொட்டுது. இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே, வரீங்களா?"

"வரேன் சார். சர்வீஸ் சார்ஜ் நூறு திர்ஹாம் ஆகும். நான் வர்றப்ப மேடம் வீட்டுல இருப்பாங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார். அந்த மேடம் நான்தான்.