பார்ட்லி நாட்டுக்குச் சொன்ன பொய்

பார்ட்லி கனீலிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சொந்த வீடு, கடலைப் பார்த்தாற்போல் கல்வேலி போட்ட நிலம், சில பசுக்கள், கொஞ்சம் ஆடு, யார் பேச்சையும் கேட்காத ஒரு கழுதை. காலையில் தேநீர் கெட்டியாக இருந்து, உருளைக்கிழங்கு வெடித்து மாவாய் வெந்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடியும்வரை மழை பொறுத்துக்கொண்டால் போதும், அவனுக்கு வேறொன்றும் வேண்டாம். எங்கள் கில்பெக் ஊரில் அவனைப்போல் நிம்மதியான ஆள் கிடையாது என்று நாங்களே சொல்வோம், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான்.

திருப்தியான ஆளிடம் ஒரே ஒரு வம்பு. எதற்கும் அவனுக்கு அவசரம் வராது. டீலியா ஹெஷனுக்குத் தெரிந்த அளவு இது வேறு யாருக்கும் தெரியாது.

டீலியா தன் அண்ணன் கடையில் தேயிலையும் மெழுகுவத்தியும் ரப்பர் பூட்ஸும் விற்பவள். நாக்கு கூர்மை, மனசு நல்லது. பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமை மாலைகளில் அவளும் பார்ட்லியும் கடையிலிருந்து படகுத்துறைவரை நடப்பார்கள், திரும்புவார்கள். அவன் பசுவைப் பற்றிச் சொல்வான், அவள் வாடிக்கையாளர்களைக் கிழிப்பாள். ஊருக்கே தெரியும். ஆனால் அதைப் பற்றி யாரும் அவர்களிடம் மூச்சு விடமாட்டோம், எங்கள் ஊர் மரியாதை அப்படி. முதலில் அவன் அம்மா இருந்தாள், ஒரு சமையலறையில் இரண்டு பெண்கள் ஆகாது என்று காத்திருந்தார்கள். அம்மாவும் பிடிவாதமாக வெகுகாலம் இருந்துவிட்டுத்தான் போனாள். அப்புறம் துக்க வருஷம். அப்புறம் கூரை வேலை. அதற்கடுத்த கோடையில் வைக்கோல் காயாமல் கழுத்தறுத்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் கூடாது என்பதால் எங்கள் பக்கம் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடும். தவக்காலத்தின் முதல் ஞாயிறு, அதுவரை கட்டிக்கொள்ளாத ஆம்பிளைகளின் கோட்டு முதுகில் இளவட்டங்கள் சாக்கட்டியால் கோடு இழுப்பார்கள். பார்ட்லி தட்டிவிட்டுச் சிரிப்பான். டீலியா சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

அந்த இலையுதிர்காலத்தில், படகுத்துறைக்குப் போகும் வழியில் அவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"சிகாகோலேர்ந்து அக்கா வரச் சொல்லி எழுதியிருக்கா. அண்ணிக்கு நான் கடைல நிக்கிறது பிடிக்கல. தவக்காலத்துக்குள்ள அக்காவுக்குப் பதில் சொல்லணும்."

பார்ட்லி கடலைப் பார்த்தான். "சிகாகோல குளிர் ரொம்பக் கடுமையாமே" என்றான்.

"ஆமாய்யா. கம்பளிச் சட்டை எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். சொல்ல வேண்டியது அது இல்லையென்று அவனுக்கும் தெரிந்தது. சரியான வார்த்தைதான் வாயில் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் டப்ளினிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். நாட்டின் கதையை வாரம் ஒரு பாகமாகக் காட்டப்போகிறார்களாம், பழைய அரசர்கள் தொடங்கி பஞ்சம், விடுதலைப் போர், இன்றைய வாழ்வுவரை. தொடருக்கு 'நாமும் நம் நாடும்' என்று பெயர். அதில் மேற்குக்கரை விவசாயி ஒருவன் வேண்டும், அதுவும் தனிக்கட்டையாக வேண்டும் என்று கேட்டார்களாம். யாரோ புண்ணியவான் பார்ட்லியைக் கைகாட்டிவிட்டான்.

பார்ட்லி பூசைக்குப் போகும் கறுப்புக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கிழங்குத் தோட்டத்தில் நின்றான். கேள்வி கேட்க வந்தவர் பெயர் க்வின்லன். நல்ல மனிதர், பாவம், பூட்ஸ்தான் நகரத்து பூட்ஸ். சேறு அதை அரைமணி நேரத்தில் தின்றுவிட்டது.

"தினமும் இந்தக் கோட்டுலதான் கிழங்கு தோண்டுவீங்களா?"

"எப்பவும் இதுதாங்க" என்றான் பார்ட்லி, கண் சிமிட்டாமல்.

பக்கத்து நிலத்துக்காரன் ஃபெஸ்டி, வேடிக்கை பார்க்கக் கல்வேலிமேல் ஏறி உட்கார்ந்திருந்தவன், இருமத் தொடங்கினான்.

"இங்க தனியாவா இருக்கீங்க?"

"கழுதை இருக்கு."

"கல்யாணம்?"

"ஆகல."

"மனசுல யாராவது? பேச்சு, பழக்கம்னு ஒரு பொண்ணு?"

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரன் கேள்வி கேட்டால் நாங்கள் உள்ளதைச் சொல்லமாட்டோம். மாடு எத்தனை என்றால் பாதியைச் சொல்வோம். விளைச்சல் எப்படி என்றால் அழுகிப்போச்சு என்போம். கேட்பவன் வரி போடவும் வந்திருக்கலாம், கொடுக்கிற உதவித்தொகையை நிறுத்தவும் வந்திருக்கலாம். எது அருமையோ அதைத்தான் முதலில் மறைப்போம். பார்ட்லியின் நாக்கும் அந்தப் பழக்கத்தில்தான் புரண்டது.

"யாருமில்லீங்க. ஒருத்தரும் கிடையாது."

க்வின்லனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். காமிராக்காரனைப் பார்த்துத் தலையாட்டினார். கார்கள் கிளம்பிப் போனபின் ஃபெஸ்டி வேலியிலிருந்து இறங்கி வந்தான்.

"ஏண்டா, அப்ப சனிக்கெழம சனிக்கெழம படகுத்துறைக்கு நடக்கிறது உன் கழுதையா?"

"அவங்க யாரு எவருன்னு நமக்குத் தெரியுமா?"

"அவங்க யாராவது இருக்கட்டும்டா. நாடு பூரா பாக்கப்போவுது. டீலியா பாக்கமாட்டாளா?"

அன்று பார்ட்லி கழுதைக்குத் தண்ணீர் காட்டக்கூட மறந்துபோனான்.

ஊரில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டி தேவாலயத்தின் பங்குக் கூடத்தில் இருந்தது, பங்குச்சாமியார் லாவெல் வாங்கி வைத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு மாலை ஊரே அங்கேதான் கிடந்தது. பஞ்சத்தைக் காட்டிய வாரம் ஆம்பிளைகளும் வெட்கமில்லாமல் அழுதோம். ஒரு வாரம் பிஷப் ஒருவர் படத்தில் வந்து ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தினார், முன்வரிசைப் பெண்கள் பாதிப்பேர் முழங்காலிட்டுவிட்டார்கள். நம் கதையும் ஒரு கதைதான், அதையும் காட்ட ஆள் இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் தலை நிமிர்ந்திருந்தது. பார்ட்லிக்கு மட்டும் ஒவ்வொரு வாரமும் தன் வாரம் நெருங்கி வருகிற கலக்கம்.

ஒரு சனிக்கிழமை எப்படியும் சொல்லிவிடுவதென்று கிளம்பினான்.

"டீலியா, டிவிக்காரங்க வந்தாங்கல்ல..."

"வந்தாங்க."

"நல்ல மனுஷங்க."

"சரி."

"பூட்ஸ்தான் வீணாப்போச்சு."

அதற்குமேல் போகவில்லை. திரும்பி வரும்போது டீலியாதான் சொன்னாள், "உன்னைப் பாக்கறதுக்குன்னே புதுத் தொப்பி வாங்கியிருக்கேன். பச்சை." பார்ட்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் போய் மண்டியிட்டான்.

"பொய் சொல்லிட்டேன் சாமி."

"யார்கிட்ட?"

"நாட்டுகிட்ட."

தடுப்புக்கு மறுபக்கம் சாமியார் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்திருந்தார் என்று நாங்கள் பிறகு ஊகித்தோம்.

"சாமி, வர்ற ஞாயிறு அந்தப் பெட்டி ரிப்பேர்னு சொல்லிடுங்களேன்."

"உன் பொய் பத்தாதுன்னு என்னையும் சொல்லச் சொல்றியா? மூணு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிட்டுப் போ. கூடம் திறந்திருக்கும்."

ஞாயிறு வந்தது. தவக்காலத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. சிகாகோ அக்காவிடமிருந்து மறுபடி கடிதம் வந்திருப்பதாக அண்ணி கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள், நடுவில் பச்சைத் தொப்பி. ஆம்பிளைகள் வழக்கம்போல் பின்னால், கதவோரம். பார்ட்லி கதவுக்கே அருகில் நின்றான், ஓடுவதற்கு வசதியாக.

முதலில் எங்கள் கடல் வந்தது. பிறகு எங்கள் பாதை. "கழுதையப் பாரு, கழுதையப் பாரு!" என்று கூடமே ஆர்ப்பரித்தது. கறுப்புக் கோட்டில் பார்ட்லி மண்வெட்டியோடு வந்தபோது கைதட்டினோம். டீலியாவின் தொப்பி பெருமையாக நிமிர்ந்ததை அவன் பின்னாலிருந்து பார்த்தான். அதுதான் அவனைக் கொன்றது. ஓடியிருக்கலாம், கால் வரவில்லை.

பெட்டிக்குள் க்வின்லன் கேட்டார், மனசுல யாராவது?

பெட்டிக்குள் இருந்த பார்ட்லி வாயைத் திறந்தான். கதவோரம் நின்ற பார்ட்லி அவனை முந்திக்கொண்டான்.

"பொய்! அவன் சொல்றது பொய்! இருக்கா! டீலியா ஹெஷன் இருக்கா!"

பெட்டிக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போயிற்று: "இம்மேற்குக் கரையில் இத்தகைய வீடுகள் ஏராளம். இம்மனிதரும் ஒருநாள் தனியாகவே கதவைச் சாத்திக்கொள்வார்."

"சாத்தமாட்டான்யா!" என்று ஃபெஸ்டி கத்தினான். யாரோ அவனை அடக்கினார்கள்.

பச்சைத் தொப்பி மெதுவாகத் திரும்பியது. டீலியாவின் முகம் சிவந்திருந்தது. கோபமா வேறா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

"அந்த டப்ளின் ஆளுக்கு நீ சொல்லாததுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல பார்ட்லி," என்றாள். "பன்னிரண்டு வருஷமா எனக்கே நீ சொல்லலையே."

பார்ட்லிக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. அவளுக்குத் தெரியும், தெரியும் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தான். ஊருக்கெல்லாம் தெரிந்தது அவளுக்குத் தெரியாமலா போகும் என்று. தன் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் வந்தான்.

"இப்ப... இப்பக் கேக்கட்டுமா?"

"யாராவது அந்தப் பெட்டியை அமத்துங்க," என்றாள் டீலியா. "எனக்கு இவன் சொல்றது நல்லாக் கேக்கணும்."

நாட்டின் கதை பாதியில் இருந்தது. சாமியார் லாவெலே எழுந்து போய் அதை நிறுத்தினார்.