சைவச் சம்பந்தியின் மீன்பிடி

வெம்பிளியில் எனக்குச் சம்பந்தியாக வரவிருந்தவரின் வீட்டுக்கு முதன்முதல் போனபோது, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் சுவர் முழுக்க மீன் படங்கள். ஒவ்வொன்றிலும் அவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று, ஒரு பச்சை நிற மீனின் கீழ்த்தாடைக்குள் பெருவிரலை விட்டுத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் மீனின் மூக்கில் முத்தம் வேறு. அந்தச் சுவரை ஒட்டிய கதவு சாமி அறை.

நான் படங்களைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "நாங்க சுத்த சைவம், சம்பந்தி. முட்டைகூட வீட்டுக்குள்ள வராது. இதெல்லாம் புளோரிடால, வருஷா வருஷம் போவேன். பாஸ்னு ஒரு ஏரி மீன். பிடிப்போம், போட்டோ எடுப்போம், திரும்பத் தண்ணியில விட்டுடுவோம். கொல்றதே இல்லை."

நான் யாழ்ப்பாணத்தான். மீனைத் தின்பதற்காகத்தான் பிடிப்பார்கள் என்று இந்த வயதுவரை நம்பியிருந்தேன். வாயில் தூண்டில் முள்ளைக் குத்தி இழுத்து, மூச்சுத் திணற வைத்து, படமும் எடுத்து, கொஞ்சிவிட்டுத் திருப்பி விடுவதற்குப் பெயர் சைவமாம். கண்டறியாத சைவம்! வாயைத் திறக்கப் போனேன். பக்கத்தில் இருந்த மனைவி தொடையில் கிள்ளினாள்.

என் மகளும் அவருடைய ஒரே மகனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அதனால்தான் நான் நோர்பரியில் இருந்து லண்டனைக் குறுக்கே கடந்து அந்தச் சோபாவில் போய் உட்கார வேண்டி வந்தது. அவர்கள் தமிழ்நாட்டுக்காரர். தகப்பனுக்கு வங்கியில் பெரிய பதவி. பையன் இங்கேயே பிறந்து வளர்ந்து கணினி வேலை செய்கிறவன். மரியாதையான பிள்ளை. ஆனால் அவனுக்கு வாய் என்று ஒன்று இருப்பதை நான் அன்று காணவில்லை. தகப்பன் பேசினார், பையன் தலையாட்டினான். தகப்பன் சிரித்தார், பையனும் சிரித்தான்.

கோயில் தாலிகட்டுக்கு மரக்கறிச் சாப்பாடு என்பதில் எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பிரச்சினை வந்தது பின்னேர ரிசெப்ஷனில். எங்கள் சனத்துக்கு ரிசெப்ஷன் என்றால் மட்டன் ரோல்ஸ். மாப்பிள்ளை எப்படி, பெண்ணின் சேலை என்ன நிறம் என்பதெல்லாம் மறந்துபோகும், ரோல்ஸ் சூடாக வந்ததா என்பது மட்டும் ஆயுளுக்கும் ஞாபகம் இருக்கும். அதைச் சொன்னேன். சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார்.

"அதெல்லாம் வேண்டாம், சம்பந்தி. மண்டபத்துக்குள்ள வாடையே வரக்கூடாது. ஒரு உயிரைக் கொன்னு நாம சந்தோஷப்படணுமா?"

மீன் படங்களுக்குக் கீழே நின்றுகொண்டு கேட்கிறார்! என் மகள் பையனைப் பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகம் விழுந்ததை நான் கண்டேன்.

காரில் திரும்பும்போது எனக்கு வாய் நிற்கவில்லை. "இந்தப் பொடியன் தகப்பன்ர வால் பிடிச்சுக்கொண்டு திரியிறவன் எண்டால், நான் மணவறைப் பக்கமே வரமாட்டன்," என்று மனைவியிடம் சொன்னேன்.

பின் சீட்டில் இருந்து மகள் சொன்னாள்: "நீங்க வராட்டில் நான் கட்டமாட்டன், அப்பா. ஆனா வேற ஆரையும் கட்டவும் மாட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே இருந்தது. என் ஒரு சொல்லில் என் பிள்ளையின் சீவியம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் சம்பந்தி போன் எடுத்தார். புளோரிடாப் பயணத்துக்கு என்னையும் கூப்பிட்டார். "பையனும் வர்றான். ஒரே படகுல மூணு பேரும். நல்லாப் பழகிக்கலாம்." நான் உடனே "ஓம், வாறன்" என்றேன். மீனுக்காகப் போகவில்லை. வீட்டுக்குள் ஒரு மனிதன் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு தப்பிக்கலாம். படகில் எங்கே போவான் பார்ப்போம் என்று நினைத்தேன்.

மகள் என் சட்டைகளை மடித்துத் தந்தபடி, "அப்பா, பிளீஸ். அங்க போய் ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ. சும்மா சிரிச்சுக்கொண்டு இருங்கோ," என்றாள். தலையாட்டினேன். மனைவியோ பெட்டிக்குள் கறித்தூளை இரண்டு பைகள் போட்டுச் சுற்றி வைத்தாள். கூடவே ஒரு உருண்டை பழப்புளி.

"அவர் மீனைத் திருப்பி விட்டிடுவாராம்," என்றேன்.

"ஏன், அந்த மனுசனுக்கு என்ன விசரே? அவ்வளவு தூரம் போய்ப் பிடிச்சிட்டு ஒண்டையாவது தராமல் விடுவினமோ? கொண்டு போங்கோ." எங்கள் சனம் ஆஸ்பத்திரியில் படுக்கப் போனாலும் தூள் கொண்டு போகும். நானும் வாதாடவில்லை.

புளோரிடாவில் அந்த ஏரி, ஏரி மாதிரி இல்லை. பால் விடாத சாயத்தண்ணி நிறத்தில் ஆழமில்லாத தண்ணீர், கண்ணுக்கு எட்டின தூரம் கோரைப்புல், நடுநடுவே அல்லி இலைகள், கரையில் அசையாமல் கிடக்கும் முதலைகள். வெக்கை முகத்தில் வந்து அப்பியது. எங்களைக் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டி ஒரு பருத்த வெள்ளைக்காரன். மூக்குவரை துணியால் மூடியிருந்தான். அவனைக் கப்டன் என்றுதான் கூப்பிட வேண்டுமாம். படகு முழுக்க மினுமினுப்பு. சலூன் கதிரை மாதிரிச் சுழலும் இருக்கைகள், பின்னால் பந்தயத்துக்குப் போகிற அளவில் ஒரு எஞ்சின், முன்னால் ஒரு திரை. மீன் எங்கே நிற்கிறது என்று அந்தத் திரையில் தெரியும்.

மீனைத் தேடுவது திரை. முள்ளில் ரப்பர் புழுவைக் கோத்து, புல்லின் ஓரத்தில் எறிந்து, கம்பைக் கையில் தருவது கப்டன். "இப்ப இழு" என்று கத்துவதும் அவன்தான். மீனின் வாயில் இருந்து முள்ளைக் கழற்றுவதும், படம் எடுப்பதும், "ஆகா, என்ன அழகு" என்று கூவுவதும் அவனே. என் சம்பந்தி கொடுத்தது ஒரு பெருவிரலும் ஒரு சிரிப்பும். இதற்காகத்தான் அந்தச் சுவரில் அத்தனை ஆணி!

"இது ஒரு தியானம், சம்பந்தி," என்றார். "அகிம்சைனா என்னன்னு இங்க வந்தாதான் புரியும்." சொல்லிக்கொண்டே தன் கழுத்தில் இருந்த நுளம்பைப் பட்டென்று அடித்து, விரலால் சுண்டிவிட்டார். நான் மகளுக்குக் கொடுத்த வாக்குப்படி சிரித்துக்கொண்டிருந்தேன். கன்னம் நொந்தது.

எனக்கு அகப்பட்டதெல்லாம் பாசி. பாசியை இழுக்கும்போதும் அந்தக் கப்டன் என்னை உற்சாகப்படுத்தினான், கோதாரி பிடிப்பான். சம்பந்தி அடுத்தடுத்துப் பிடித்தார், கொஞ்சினார், விட்டார். பையன் படகின் முன்பக்கம் கம்பைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். இவனிடம் என்னத்தைக் கண்டாள் என் மகள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் கம்பு வளைந்தது.

கப்டன் "இழு, இழு" என்று கத்தினான். பையன் திகைத்துப்போய் நின்றான். பிந்தித்தான் இழுத்தான். அதற்குள் மீன் புழுவை நன்றாக விழுங்கிவிட்டது. அன்று கிடைத்ததில் அதுதான் பெரியது. மேலே தூக்கினபோது செவுளில் இருந்து ரத்தம் வழிந்தது. கப்டன் இடுக்கிக் குறடு ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தான், பிறகு நூலை வெட்டிவிட்டுத் தலையை ஆட்டினான். முள் உள்ளே ஆழமாக ஏறிவிட்டது, இது பிழைக்காது, வேண்டுமென்றால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், சட்டத்தில் இடம் உண்டு என்றான்.

சம்பந்தி மீனைக் கையில் வாங்கினார். ரத்தம் இல்லாத பக்கத்தைத் திருப்பிப் பிடித்துச் சிரித்தார். கப்டன் படம் எடுத்தான்.

"சரி, விட்டுடலாம்," என்றார். "தண்ணிக்குள்ள போனா அதுவே சரியாயிடும்."

சரியாகாது என்று கப்டன் திரும்பவும் சொன்னான்.

"நம்ம கண்ணு முன்னாடி சாகாதுல்ல. அது போதும்," என்றார் சம்பந்தி.

சீ என்று போய்விட்டது எனக்கு. செத்தாலும் பரவாயில்லை, இவர் காணாத இடத்தில் போய்ச் சாக வேண்டும். நாளைக்கு என் பிள்ளை அந்த வீட்டில் ஒரு மூலையில் இருந்து அழுதால், இந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த படத்துக்குச் சிரிப்பார். நான் மகன்காரனைப் பார்த்தேன். தம்பி, இப்ப நீ தலையைக் குனிந்தாயோ, எல்லாம் இத்தோடு முடிந்தது என்று மனதுக்குள் சொன்னேன்.

அவன் தலையைக் குனிந்தான். வெம்பிளியில் கம்பளத்தைப் பார்த்த அதே குனிவு. போச்சு என்று நினைத்தேன். மகளிடம் போய் என்ன சொல்லப் போகிறேன்?

பிறகு அவன் நிமிர்ந்தான். தகப்பன் கையில் இருந்த மீனை வாங்கினான். கப்டனிடம் கொடுத்து, அதை உடனே சாகடிக்கும்படி ஆங்கிலத்தில் கேட்டான். கப்டன் ஒரு கட்டையால் மீனின் தலையில் ஒரு அடி அடித்தான். பையன் அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, மூடியை மூடி, மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"என்னடா பண்றே?"

"நான்தான் லேட்டா இழுத்தேன், அப்பா. நான்தான் கொன்னேன். தூக்கிப் போட மாட்டேன்." என் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்க சாப்பிடுவீங்கல்ல?"

"ஓம், தம்பி. தூளும் கொண்டந்தனான்," என்றேன்.

சம்பந்தி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். மகனை எழும்பச் சொன்னார், அதட்டினார், அம்மாவிடம் சொல்லுவேன் என்றார். அறுபது வயது மனிதர், அம்மாவிடம் சொல்லுவாராம்! பையன் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு விடாய்த்தது. தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அதே பெட்டிக்குள். கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பான். மீனோடு கிடந்த தண்ணீர் வேண்டாம் என்று நாக்கு வறள வறளக் கரைவரை வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தமுறை கன்னம் நோகவில்லை.

மத்தியானம் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சம்பந்தி பின்வளவில் குடைக்குக் கீழே போய் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டார். குசினியில் நானும் பையனும் மீனும். எங்கள் வீட்டில் மீன் வெட்டுவது மனைவி. எனக்குத் தின்னத்தான் தெரியும். ஆகவே நோர்பரிக்கு வீடியோ கோல் எடுத்து, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். அங்கே பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. மனைவியின் முகமும், அவள் தோளுக்கு மேலால் மகளின் முகமும் தெரிந்தன.

"வாலில இருந்து தலைப்பக்கமா வழியுங்கோ! ஐயோ, அப்பிடி இல்லை, கையை வெட்டிக்கொள்ளப் போறியள்!" என்று மனைவி கத்தினாள். திடீரென்று நிறுத்தினாள். "இஞ்சாருங்கோ, இப்பதான் சம்பந்தி வாட்ஸ்அப் குறூப்பில படம் போட்டிருக்கிறார். பத்திரமா தண்ணியில விட்டாச்சு எண்டு எழுதியிருக்கு. அப்ப உங்கட கையில கிடக்கிறது என்ன?"

"அதேதான்," என்றேன்.

மகள் திரைக்குக் கிட்ட வந்து பையனைப் பார்த்தாள். "அப்பா, அவர் ஏன் வாலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்? அவருக்கு மீன் மணமே ஒத்துக்கொள்ளாது!"

ஒத்துக்கொள்ளவில்லைதான். அவன் முகம் வெளிறி, இரண்டு தரம் ஓங்காளித்துவிட்டான். ஆனால் வாலை விடவில்லை, கண்ணை மூடவும் இல்லை. பிறகு நான் தின்றபோது அந்த மீன் வெறும் சேற்று மணம்தான் அடித்தது, எங்கள் தூளும் அதை ஒன்றும் செய்யவில்லை. அவன் எதிரில் இருந்து தயிர்ச்சோறு சாப்பிட்டான். சம்பந்தியை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அவன் வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்திலேயே நான் கத்தியைக் கீழே வைத்தேன். "பிள்ளை," என்றேன், "ரிசெப்ஷனுக்கு மட்டன் ரோல்ஸ் வேண்டாம். மரக்கறி ரோல்ஸே போடுவம்."

"உங்களுக்கு விசரே?" என்றாள் மனைவி. "எங்கட சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்கு வாய் இருக்கு. சொல்லட்டும்."

போனை மகள் கையில் வாங்கியிருக்க வேண்டும், அதை எங்கேயோ வைத்துவிட்டாள். திரையில் எங்கள் நோர்பரிக் குசினியின் மேற்சுவர் மட்டும் தெரிந்தது. அவள் விக்கி விக்கி அழுகிற சத்தம் கேட்டது.

"அங்கிள், என்ன ஆச்சு? ஏன் அழறா?" என்று பையன் பதறினான். அவன் விரலெல்லாம் செதில்.

"ஒண்டுமில்லை, தம்பி," என்றேன். "நீர் வாலை இறுக்கிப் பிடியும்."