தொழுகை முடிந்த பிறகு

எங்கள் அத்தா இறைவனிடம் மீண்டு ஓராண்டாகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் சென்ற முதல் ஆள், மூத்த மகள் நான். ஆகவே இதை எழுதும் உரிமையைத் தம்பிமாருக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

அத்தா பிறந்தது திருச்சிப் பக்கம் ஒரு சிற்றூர். பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, வாலிப வயதில் கடல் கடந்து, இலங்கையில் தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சேர்ந்தார்கள். அரைத்த கொழுந்தைத் தரையில் பரப்பிப் பதம் பார்த்து அடுப்புக்கு அனுப்பும் பொறுப்பு பின்னாளில் அவர்களுக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போக அனுமதியும் இருந்தது. அந்நேரம் உடன் வேலை பார்த்த முத்தையா மாமா கொழுந்துக்குக் காவல் நிற்பார். தீபாவளிக்கு அவருடைய வேலையை அத்தா செய்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, "நான் வர்ற வரைக்கும் கொழுந்துல கை வைக்காதீங்க" என்று மாமாவிடம் சொல்லிப் போனார்கள். அன்று வெயில் ஏறிவிட்டது. அத்தா திரும்பியபோது கொழுந்து முழுவதும் பதம் தாண்டிப் புளித்து வீணாகிக் கிடந்தது. மாமாவைக் குடும்பத்தோடு லயத்து வீட்டைக் காலி செய்யும்படி தோட்டத்துத் துரை உத்தரவிட்டுக்கொண்டிருந்தார்.

"பேசாம இருங்க பாய். ரெண்டு பேரு பொழப்பும் போயிரும்" என்று மாமா முணுமுணுத்தாராம்.

அத்தா முன்னே வந்து, "தொரை, நான் சொன்னதத்தான் அவரு செஞ்சாரு. தப்பு என்னுது. பேசிக்கிட்டு நின்னு லேட்டா வந்தேன்" என்றார்கள்.

மாமாவின் வேலை தப்பியது. அத்தாவை அடுப்புக்கு விறகு தள்ளும் வேலைக்கு இறக்கினார்கள்.

அம்மா ஆற்றாமல் கேட்டார்: "தொழப் போயிருந்தேன்னு சொல்லியிருந்தா தொரை விட்டிருப்பாருல்ல?"

"தொழுக எப்பவோ முடிஞ்சிருச்சு புள்ள. ஊர்க்காரரப் பாத்து, வாசல்ல நின்னு கத பேசிட்டேன். அதுக்குப் போயி அல்லாவ சாட்சிக்குக் கூப்புடுறதா?"

விறகு தள்ளிய கைகளாலேயே எங்களை வளர்த்தார்கள். பிறகு ஒரு ஜும்மாவையும் அவர்கள் தவறவிடவில்லை. ஸ்டோருக்குத் திரும்புவதிலும் தாமதித்ததில்லை. சம்பளம் ஹலால் ஆவது செய்யும் வேலையால்தான் என்பார்கள். கடைசியில் நெஞ்சுச்சளி கண்டு, கலிமாவை ஓதியபடியே கண் மூடினார்கள்.

கபுறுக்குழி வெட்டியவர்களுக்கும், அரிசி அனுப்பிய கடைவீதிச் செட்டியாருக்கும், இரவெல்லாம் அம்மாவோடு இருந்த லயத்துப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

முத்தையா மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது? பள்ளிவாசலிலிருந்து மையவாடிவரை தோள் கொடுத்தவர் அவர். அடக்கம் முடிந்ததும் எங்கள் வாசலுக்கு வந்தார். உட்காருங்கள் என்றேன். மண் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"அர நாள்தான் லீவு தாயி. இங்கன நின்னு பேசிக்கிட்டிருந்தா பாய் கோவிச்சுக்குவாரு."