ரோசம்மா சொன்ன முதல் செய்தி

பாலர் வகுப்பு எடுப்பவளுக்கு அரிச்சுவடி தெரிந்தால் மட்டும் போதாது. கேட்டதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். உங்களில் பாலர் வகுப்பில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்கள், நாங்கள் குழந்தைகளோடு பாட்டுப் பாடிச் சம்பளம் வாங்குவதாகவே நினைத்துக்கொள்ளட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாடு இது.

செய்தி நேரம்

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் மணலில் எழுத்து எழுத வைக்குமுன் பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரிடமும் வீட்டுச் செய்தி கேட்க வேண்டும். கூச்சம் போகும், பேச்சு வரும் என்றார்கள். பேச்சு வந்தது, நிறையவே வந்தது. யார் வீட்டில் சட்டி உடைந்தது, யாருடைய மாமா குடித்துவிட்டு வாசலில் விழுந்தார், எல்லாம் முதல் பாடத்துக்கு முன்னால் என்னிடம் வந்து சேர்ந்துவிடும். வந்தது என்னைத் தாண்டிப் போகக்கூடாது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் துணிக்கடைக்காரர் மகள் கதீஜா, வாப்பா இப்போதெல்லாம் கடையிலேயே படுக்கிறார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அன்று பின்னேரமே அவர்களுடைய பக்கத்து வீட்டுப் பெண் என்னை வழியில் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் என்ன சண்டை, பிள்ளை ஏதாவது சொன்னதா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவர் விடுவதாக இல்லை, சொல்லச் சொல்லி வற்புறுத்தினார்.

"சும்மா செல்லுங்க டீச்சர். நான் ஒத்தருக்கிட்டயும் செல்ல மாட்டேன். ஆரும் கேட்டா மட்டும் டீச்சர்தான் சென்னாங்கண்டு செல்லுவேன்."

காதுக்குள்

வகுப்பில் ரோசம்மா ஒருத்திதான் வாய் திறக்காதவள். பஸ் நிற்கும் இடத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சவரிமுத்துவின் மகள். தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு இறங்கி வந்து, அந்த ஒரு கடையை நம்பிப் பிழைத்த குடும்பம். கூச்சப்படுகிறவர்கள் என் காதுக்குள் வந்து சொல்லலாம் என்று ஒரு சலுகை கொடுத்திருந்தேன். ரோசம்மாவும் ஒவ்வொரு நாளும் வருவாள், காதருகே வாயை வைப்பாள், மூச்சு மட்டும் விட்டுவிட்டுப் போய் உட்காருவாள்.

மாதக்கணக்காக நானும் சளைக்காமல் காதை நீட்டினேன். ஒரு காலையில் மூச்சோடு சொல்லும் வந்தது. என்ன சொன்னாள் என்று மண்டையில் ஏறுமுன்பே எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் ஏறியது.

"தம்பிக்கு அம்ம போட்டிருக்கு டீச்சர். கடைக்குப் பின்னால ரூமுல மறைச்சுப் படுக்க வச்சிருக்கோம். ஆருக்கும் சொல்லப்படாதாம்."

எச்சில் சிலேட்டு

ஊர்ச் சுகாதாரம் பார்க்கும் சனிட்டரி ஐயா காதில் விழுந்தால் கடையைப் பூட்டிவிடுவார். பேசாமல் இருந்தால்? எங்கள் பிள்ளைகள் சிலேட்டை அழிக்கும் விதம் உங்களுக்குத் தெரியும்: துப்பு, உள்ளங்கையால் தேய், பக்கத்தில் இருப்பவளிடம் கொடு. ரோசம்மாவும் கதீஜாவும் ஒரே சிலேட்டில்தான் எழுதினார்கள். அன்று முழுக்க நான் பாடம் நடத்தவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொரு கழுத்தாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோசம்மாவை ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்து, தனிச் சிலேட்டும் கொடுத்தேன். செய்தி சொன்னதற்குப் பரிசு என்று நினைத்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் தலைமையாசிரியரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், வம்பென்றால் ஒதுங்கி நிற்பவர். யாருடைய பிள்ளை என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இஞ்சை பாரும், சனிட்டரிக்காரன் வந்தால் பள்ளிக்கூடத்தையெல்லோ பூட்டிப்போடுவான். நீர் ஒண்டும் கேக்கேல்லை, நானும் ஒண்டும் கேக்கேல்லை, விளங்கிச்சுதோ?"

தேத்தண்ணிக் கடை

பள்ளிக்கூடம் விட்டதும் நானே ரோசம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கண்டி பஸ் வந்து நின்றிருந்தது, கடை நிறைய ஆட்கள். சவரிமுத்து மரியாதையாக எழுந்து தேத்தண்ணி போட வந்தார். அவரை ஓரமாக அழைத்து, குரலை இறக்கிச் சொன்னேன்: பையனின் விஷயம் என் வாயால் ஊருக்குள் போகாது. ஆனால் நாளைக் காலை நீங்களே சனிட்டரி ஐயாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டி வரும். பையன் தேறும்வரை ரோசம்மாவும் வீட்டில் இருக்கட்டும்.

கடையை மூடினால் மறுபடி தோட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். மற்றப் பிள்ளைகள், மற்றப் பிள்ளைகள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். அவள் பின்கதவுக்குள் ஓடிவிட்டாள்.

"பச்சப்புள்ள வாயப் புடுங்கத்தான் பள்ளிக்கூடம் வச்சிருக்கீங்களா, டீச்சரம்மா?"

மறுபடி செய்தி நேரம்

அவரே போய்ச் சொன்னார். கடை பூட்டப்பட்டது. அந்தப் பூட்டைப் பார்க்கப் பயந்து நான் பாதையின் மறுபக்கமாக நடந்தேன். காலையில் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தையும் தொட்டுச் சூடு பார்த்தேன். கடைசியில் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அம்மை வரவில்லை. ஒன்றிரண்டு பேருக்கு வந்திருந்தால், நான் செய்தது சரி என்று கதீஜாவின் உம்மாவாவது சொல்லியிருப்பார். பையன் தேறினான். கடையும் திறந்தது, பஸ்காரர்கள் திரும்ப வந்தார்கள். தோட்டத்துக்குப் போக வேண்டி வரவில்லை.

ரோசம்மாவை இனி அனுப்பவே மாட்டார்களோ என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் சவரிமுத்து அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனார். பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். அவள் முறை வந்தது. எழுந்து வந்தாள், பழையபடி காதருகே வாயை வைத்தாள். நான் காதை நீட்டினேன்.

"எங்க வீட்டுல ஒண்ணுமே நடக்கல டீச்சர்."

பிள்ளைகளைப் பேச வைக்கத்தான் என்னைப் பயிற்றி அனுப்பினார்கள். அந்த வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்து, பெரியவர்கள் பேசுவது போலப் பேச ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.