மாலை போடாத படம்

தொண்ணூறுகளின் கடைசியில், என் பெரியம்மாவின் சித்தப்பா பேரன் ஒருவர் அமெரிக்காவில் உட்கார்ந்து எங்கள் வம்சத்தை மரம் போல வரைந்து இன்டர்நெட்டில் ஏற்றினார். அதோடு விட்டாரா, அச்செடுத்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தபாலில் வேறு அனுப்பினார். சோமனூரில் பெரியம்மா வீட்டுக் கட்டிலில் அதை விரித்து வைத்துப் படித்துச் சொன்னது நான்தான். தறி மெக்கானிக்கான எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. தறி மெஷின்களோடு வரும் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி வந்தது.

அப்புச்சி, அதாவது பெரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் அப்பா, அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்தது: இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போனவர், ரங்கூனில் வேறு குடும்பம் அமைத்துத் தங்கிவிட்டார்.

பெரியம்மா முருங்கைக்காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"ஊர் வாயில கிடந்ததை உலகத்து வாயில போட்டுட்டானே! இங்கன்னா நாலு பேரு கூட மல்லுக்கட்டலாம். இனி எங்கெங்க போயி மல்லுக்கட்டறது, கண்ணு?"

சுவரில் அப்புச்சியின் படம் தொங்கியது. காக்கிச் சட்டை, சாய்ந்த தொப்பி, படம் பிடிப்பவர் சிரிக்காதே என்று சொன்னதற்காகப் பாடுபட்டு அடக்கிய வாய். பக்கத்தில் இருந்த படங்களுக்கெல்லாம் மாலையும் பொட்டும் உண்டு, இவருக்குக் கிடையாது. யுத்தம் முடிந்தும் ஆள் வரவில்லை, சேதியும் வரவில்லை. செத்தார் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை; ஓடிப்போனார் என்று சொல்லத்தான் வந்தது.

"இருக்கறவருக்கு எள்ளுந் தண்ணியும் விட்டாப் பாவம். போனவருக்கு விடாம இருந்தா அதைவிடப் பாவம். அம்பது வருசமா ரெண்டு பாவத்துக்கும் நடுவுல நிக்கறேன். இந்த ஆடி அமாவாசைக்குள்ள எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகோணும்" என்றார் பெரியம்மா.

"கண்டுபுடிச்சுப் போடலாமுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன். நின்றுபோன தறியை ஓட வைக்காமல் நான் எந்த ஊரிலிருந்தும் திரும்பியவனில்லை. அந்தத் தைரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். யுத்தத்தில் இறந்த சிப்பாய்களின் பட்டியல் இன்டர்நெட்டில் இருந்தது. அப்புச்சியின் பெயரை எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் அடித்துப் பார்த்தேன். அந்தப் பெயரில் மதுரைக்காரர் வந்தார், வேலூர்க்காரர் வந்தார், நம்மவர் வரவில்லை. மூன்று ஞாயிறு போயிற்று. பட்டியலில் இல்லை என்றால் ஊர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. அதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

நான்காவது ஞாயிறு பெரியம்மாவே படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி என்னோடு வந்துவிட்டார். படத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்டினால் அது ஆளைக் கண்டுபிடித்துவிடும் என்று நினைத்திருந்தார். சென்டரை நடத்திய பெண் சிரிக்காமல் படத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்னால் பென்சிலில் ஒரு எண் இருந்தது. "அது ஸ்டுடியோக்காரன் நெம்பரு, அம்மணி" என்றார் பெரியம்மா.

அந்தப் பெண் வேறொன்று கேட்டார்: "ஏனுங்க, நீங்க தேடறது அவரோட நெசப் பேருங்களா, ஊட்டுல கூப்பிடற பேருங்களா?"

"பேருல என்ன நெசம், பொய்யி?"

"எங்க ஊட்டுக்காரருக்கு ரேசன் கார்டுல ஒரு பேரு, எங்க மாமியார் வாயில ஒரு பேருங்க. அவங்க மாமனார் பேரைப் புள்ளைக்கு வெச்சுப் போட்டாங்க. மாமனார் பேரைச் சொல்லிப் புள்ளையத் திட்ட முடியுமுங்களா?"

நானும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிலும் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர்தான். மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள், மகனை வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிட்டாக வேண்டும். அப்புச்சி வீட்டுக்கு மூத்தவர். அவர் மனைவியோ புருசன் பெயரை எந்தப் பெயராகவும் சொன்னதில்லை. அப்படி வீட்டுப் பெயர் மட்டும் மிஞ்சி, நெசப் பெயர் காணாமல் போயிருந்தது.

அப்புச்சியின் தாத்தா பெயர் பெரியம்மாவுக்குத் தெரியாது. ஆனால் என் பையில் அமெரிக்க மரம் இருந்தது. அதன் உச்சியில் அந்தப் பெயரும் இருந்தது.

அடித்தேன். டீ குடிக்கப் போகவில்லை.

சிப்பாய். அப்புச்சியின் அப்பா பெயர், எங்கள் ஊர், கோயம்புத்தூர் ஜில்லா. அதற்கு மேலே ஒரு பட்டாள எண். அந்தப் பெண் படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார், நான் திரையில் விரல் வைத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பர்மாவில் போரில் இறந்தார். உடல் கிடைக்காதவர்களுக்காக ரங்கூனுக்குப் பக்கத்தில் எழுப்பிய கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது.

தமிழில் சொன்னேன். பெரியம்மா படத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ரங்கூன்லதான் இருக்காரு. அமெரிக்காக்காரன் எழுதுனதுல அது ஒண்ணு நெசம்" என்றார். பிறகு, "பட்டாளத்துத் தபால் வந்துதான் இருக்கும், கண்ணு. அந்தப் பேருல இங்க ஆரும் இல்லீன்னு நாங்களே திருப்பி அனுப்பியிருப்போம்."

சென்டர் நடத்திய பெண் அந்தப் பக்கத்தை இரண்டு பிரதி அச்செடுத்துக் கொடுத்தார். ஒன்றை அமெரிக்காவுக்கு அனுப்பினேன். அந்த உறவுக்காரரும் நல்ல மனுசன், அந்த வரியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். "அவன் வெச்ச மரத்தை நான் வெட்டாம உட்டுட்டேன்னு எழுது" என்றார் பெரியம்மா.

ஆடி அமாவாசைக்குப் பேரூரில் நொய்யல் படித்துறையில் நல்ல கூட்டம். மகன் இல்லாத வீடு என்பதால், மகள் பிள்ளையான நான் எள்ளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐயர் பெயர் கேட்டார். பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னேன். பெரியம்மா என் தோளைத் தட்டினார்.

"ஊட்டுப் பேரையும் சொல்லிப்போடு, கண்ணு. இப்ப நீ சொன்ன பேருல அவரைக் கூப்பிட்டது பட்டாளம்தான். நாங்க கூப்பிட்டாத்தான வருவாரு."

இரண்டு பெயரையும் சொல்லித் தண்ணீர் விட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது பெரியம்மா மாலை வாங்கினார். படத்தின் அகலத்தைக் கைகளை விரித்துக் காட்டி, அளவு பார்த்து வாங்கினார்.