டைரக்டரின் முதல் விழா

தெருவில் அவரை டைரக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூலையில் துணி தேய்க்கிறவர் கிண்டலுக்கு வைத்த பேர் அது. யாராவது வண்டியை ஓரங்கட்டினால் போதும், எங்கிருந்தோ வந்து நடுரோட்டில் நின்றுகொண்டு, "வா வா, ஒடி ஒடி, அப்படியே நில்லு" என்று கையை ஆட்டுவார். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

"நம்ம திறமை இந்த ஜனங்களுக்கே தெரியுது பாரு," என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துவருவது ஒன்றைத்தான். மற்றவர்கள் தொழில் தொடங்கிவிட்டு விசிட்டிங் கார்டு அடிப்பார்கள். இவர் கார்டு அடித்துவிட்டுத் தொழில் தேடுவார். இன்சூரன்ஸுக்கு ஒரு கார்டு, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினுக்கு ஒன்று, வீடு வாங்கி விற்க இன்னொன்று. மிஞ்சிய கட்டுகளெல்லாம் ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் கிடந்தன. கட்டில் இப்போது ஆடுவதில்லை. அவர் தொழில்களால் குடும்பத்துக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

கடைசியாக ஈவென்ட் பிளானிங்கில் வந்து நின்றார். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், வழியனுப்பு விழா எதுவானாலும் வீட்டிலிருந்தே ஏற்பாடு செய்து தருவாராம். ஏதோ ஒரு ஹோட்டலில் பயிற்சி வகுப்பு என்று போய்விட்டு, கழுத்தில் அட்டையோடு திரும்பினார். அந்த அட்டையைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றினார்.

முன்னறை ஆபீஸ் ஆனது. சோபா சமையலறை வாசலுக்கு வந்தது. அதன்பிறகு அவள் அடுப்புக்கும் தொட்டிக்கும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடந்தாள். மகள் படிக்கிற மேஜை, டைரக்டர் மேஜை ஆனது. சுவரில், அவர் ஒருநாளும் கால் வைக்காத மாளிகைகளின் படங்கள் ஏறின.

போன் அடித்தால் வீடே மூச்சை அடக்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கக்கூடாது. அடித்தால் கஸ்டமருக்கு இது வீடு என்று தெரிந்துவிடுமாம். போனை அவள் எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்கார்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிக் கொஞ்சம் காக்கவைத்தால்தான் மரியாதையாம். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கவே கூசுகிறவள் அவள். முதல் போன் வந்தபோது உண்மை பாதி வெளியே வந்துவிட்டது.

"சார் குளிச்சிட்டு... மீட்டிங்ல இருக்கார்."

"சரிம்மா, மெதுவா தலை துவட்டிட்டே பேசச் சொல்லு," என்று அந்தப் பக்கம் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

அன்று முழுக்க டைரக்டர் அவளிடம் பேசவில்லை. அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

மாதங்கள் ஓடின. ஒரு ஆர்டரும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் அவள் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பஸ் டிப்போவில் மெக்கானிக். படுத்தபடி வண்டிக்கு அடியிலேயே ஆயுசைக் கழித்தவர். வீட்டு விசேஷங்களிலும் ஓரமாக நின்று நாற்காலி எடுத்துப் போடுவாரே தவிர, ஒன்றில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாளாவது அவரை நடுவில் உட்கார வைத்து, கூட வேலை செய்தவர்கள் சுற்றி நிற்பதைப் பார்க்க வேண்டும். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதைப் புருஷனிடம் கேட்டதுதான் தப்பு.

"கவலைய விடு. நம்ம கம்பெனியோட முதல் ஈவென்ட் மாமாவுக்குத்தான்," என்று டைரக்டர் குதித்தார்.

அப்பா தயங்கினார். "பசங்களோட ஒரு டீ குடிச்சா போதும் மாப்பிள்ளை."

"மாமா, நீங்க சும்மா வந்து நின்னா போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அப்பா மகளைப் பார்த்தார். "உனக்கு ஆசையா பாப்பா?"

அவள் தலையாட்டினாள். "அப்ப சரி," என்றார்.

மருந்துக்கடைக்கு மேலே இருந்த சின்ன ஹாலைப் பிடித்தார்கள். மேடையில் தங்கக் கலர் பூசிய பெரிய நாற்காலி. அதன் பின்னால் திரை. அதற்கும் பின்னால் உடைந்த மின்விசிறிகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அடுக்கியிருந்த ஒரு ஸ்டோர் ரூம். டைரக்டரின் திட்டம் இதுதான்: முதலில் புகை மெஷின் மேடை முழுக்கப் புகை விடும். அந்தப் புகைக்குள்ளிருந்து அப்பா வெளியே வர வேண்டும். அதற்குப் பேர் என்ட்ரி. என்ட்ரி முடியாமல் சாப்பாடு கிடையாது.

அப்பாவை ஸ்டோர் ரூமில் விட்டு, "நான் சொல்ற வரைக்கும் வெளிய தலை காட்டாதீங்க மாமா. சஸ்பென்ஸ் போயிடும்," என்று கதவைச் சாத்திவிட்டார்.

டிப்போ ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அன்று ராத்திரி ஷிஃப்ட். டிப்போ வேனிலேயே வந்திருந்தார்கள்.

புகை மெஷின் சூடாகவில்லை. டைரக்டர் மைக்கைப் பிடித்தார். கம்பெனி எப்படிப் பிறந்தது என்று சொன்னார். தன் கனவுகளைச் சொன்னார். பிறகு மெஷினைத் தட்டினார். ஒரு இருமல் மாதிரி சத்தம் வந்ததே தவிர புகை இல்லை. மறுபடி மைக். பயிற்சி வகுப்பில் தனக்குக் கிடைத்த பாராட்டு. மறுபடி தட்டல். ஓய்வு பெறுகிறவரின் பேர் மட்டும் ஒருதடவைகூட அந்த வாயில் வரவில்லை.

அவள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் தங்க நாற்காலி காலியாக மினுக்கியது. ஆட்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சமையல்காரர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "ஏன் சார், சோறு ஆறிக்கிட்டிருக்கு. தட்டுல புகையையா வைக்கிறது?"

"என்ட்ரி முடியட்டும்யா!"

டிப்போ மேஸ்திரி எழுந்து அவளிடம் வந்தார். "தப்பா நினைக்காத பாப்பா, வண்டி கிளம்பணும். அப்பாவைக் கண்ணுலயே காட்டலையே?"

அவள் மேடைக்குப் போய், "ஏங்க, அவங்க கிளம்பறாங்க. அப்பாவைக் கூப்பிடுங்க," என்றாள்.

"புகை வராம எப்படிக் கூப்பிடறது? போட்டோவுல என்ன தெரியும்? உனக்கு இதெல்லாம் புரியாது, தள்ளு."

அவரை அவள் ஒருகணம் பார்த்தாள். கழுத்தில் அட்டை. கையில் மைக். யாருக்கு விழா என்பதையே மறந்துவிட்ட முகம். இத்தனை மாசமும் இந்த ஆளுக்காகவா குக்கர் விசிலை அமுக்கிப் பிடித்தோம் என்று இருந்தது.

ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தாள். அப்பா வியர்வையில் நனைந்து நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்துக் கொடுத்த கோட்டு, தோளிலிருந்து வழிந்து தொங்கியது. சுற்றிலும் இத்தனை நாற்காலி இருந்தும் அடுக்கு கலைந்துவிடுமே என்று ஒன்றைக்கூட எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"கூப்பிட்டாங்களா பாப்பா?"

"இல்லப்பா. நான்தான் கூப்பிடறேன். வாங்க."

"மாப்பிள்ளை கோவிச்சுக்குவாரே."

"கோவிச்சுக்கட்டும்."

பின்பக்க இரும்புப் படியில் அவரை இறக்கிவிட்டு, அவள் திரும்பி ஓடினாள். சமையல்காரரிடம் போய், "அண்ணே, சாப்பாட்டைக் கீழ வேன்கிட்ட இறக்குங்க," என்றாள். யாரிடமும் இதைச் செய் என்று சொல்லிப் பழகாத குரல் அது. சமையல்காரர் மறுபேச்சுப் பேசாமல் பாத்திரத்தைத் தூக்கினார்.

கீழே வேனில் ஏறிக்கொண்டிருந்தவர்கள், சந்திலிருந்து கோட்டுப் போட்டு வந்த உருவத்தைப் பார்த்து முதலில் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்புறம்தான் ஒருவன் கத்தினான்.

"டேய், நம்ம அண்ணன்டா!"

"என்னண்ணே இது, யாரு கோட்டு? உள்ள இன்னொரு ஆள் இருக்கானா?"

மேஸ்திரி அந்தக் கோட்டை உரித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்பாவைப் பிடித்து வேனின் பின்படியில் உட்கார வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். தட்டுகள் கைமாறின. முதல் தட்டை அப்பா கையில் கொடுத்தார்கள். பிரேக் பிடிக்காத வண்டியை அவர் ஓட்டிவந்து குப்பைமேட்டில் ஏற்றிய கதையை ஒருவர் சொல்ல, அது குப்பைமேடே இல்லை, அதிகாரி வீட்டுத் தோட்டம் என்று இன்னொருவர் திருத்த, அப்பா சாப்பிட முடியாமல் சிரித்தார். அவள் மருந்துக்கடைப் படியில் நின்று பார்த்தாள். அப்பா உட்கார்ந்திருந்தார். நடுவில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் மேலே மெஷினுக்கு உயிர் வந்தது. காலியான ஹாலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒலிபெருக்கியில் டைரக்டர் முழங்கினார். "இதோ... நாம் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்த..." ஜன்னல் வழியாகப் புகை குபுகுபுவென்று தெருவுக்கு வந்தது.

"ஐயையோ, மேல தீ பிடிச்சிருக்கா?" என்று மருந்துக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார்.

"இல்லப்பா," என்றார் அப்பா, வாயைத் துடைத்துக்கொண்டு. "அது என்னோட என்ட்ரி."

வேனே குலுங்கச் சிரித்தார்கள்.

டைரக்டருக்கு வெட்கம் வரும் என்று யாராவது நினைத்திருந்தால், அவர்களுக்கு டைரக்டரைத் தெரியாது. புகைக்கு நடுவில் காலி நாற்காலி நிற்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு முன்னறையில் மாட்டினார். விசாரிக்க வந்த ஓர் அம்மா, "நாற்காலியில ஆளையே காணோமே?" என்று கேட்டதற்கு, "அது ஒரு புது கான்செப்ட் மேடம்," என்று கூசாமல் சொன்னார். அந்த அம்மா தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அதற்கு மறுநாள் காலை போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"சார் இருக்காரா?"

"குளிச்சிட்டிருக்கார்," என்றாள். "இது வீடுதாங்க."

குளியலறைக்குள்ளிருந்து, "மீட்டிங், மீட்டிங்!" என்று சோப்பு நுரை அடைத்த குரல் கத்தியது. சமையலறையில் குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது. அவள் அதை அமுக்கப் போகவில்லை.